அன்டன் பட்டனை அழுத்தினானா?

"அக்கா, நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே செய்றீங்க. அவர் பட்டனை அமத்தினாரா இல்லையா... அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

போன வாரம் ரீட்டா எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டது இவ்வளவுதான். சிலாபத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய கணவன் அன்டன் கற்பிட்டிக் கடலில் படகு கவிழ்ந்து இறந்துபோனான். தலவிலப் பக்கம் உடல் கரை ஒதுங்கியது.

படகில் ஒரு கருவி இருந்தது. ஆபத்தென்றால் பட்டனை அழுத்த வேண்டும். படகு பதிவான துறைக்கும் வீட்டுக்கும் தகவல் போகும், ஆட்கள் தேடிப் புறப்படுவார்கள். அன்றைக்கு ஒருவருக்கும் தகவல் வரவில்லை. மீன் சந்தையில் என்ன கதை தெரியுமா? குடித்துவிட்டுத் தூங்கியிருப்பானாம். செத்தவனையும் விடமாட்டார்கள்.

அந்தக் கருவியை நடத்தும் கம்பனியில் என்னோடு முன்பு வேலை செய்த பிரியா இருக்கிறாள். தேடிப் பார்த்துவிட்டு போன் எடுத்தாள். "அமத்தியிருக்கார் அக்கா. திரும்பத் திரும்ப அமத்தியிருக்கார்."

பிறகு ஏன் தகவல் போகவில்லை?

நம் மீன்பிடி ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு சிலாபத்தில். சீசன் வந்தால் படகோடு கற்பிட்டிக்குப் போய், கரையில் வாடி என்ற குடில் போட்டுத் தங்குவார்கள். ஒரு படகு, இரண்டு துறை. வாடிப் படகுகளைப் பதிந்து வைப்பவர் நாசர் நானா. கற்பிட்டியில் இருக்கும் புரோகிராமில் இரண்டு துறை போடும் வசதி வந்ததும், முதலில் அன்டனுக்குத்தான் போட்டிருக்கிறார்.

"ஆள் இங்க, பொஞ்சாதி புள்ள அங்க. ரெண்டு பக்கமும் தெரியட்டும் எண்டுதான் தங்கச்சி போட்டேன்" என்று போனில் அழுதார். அவரை என்ன சொல்வது?

அந்தப் பதிவோடு வரும் தகவலைக் கொழும்பில் வாங்கும் புரோகிராமுக்கோ, படகென்றால் ஒரே ஒரு துறைதான். இரண்டு வந்தால் 'டைப் பிழை', அதாவது தகவலின் வடிவமே தவறு. அன்டனின் அழைப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நானும் இந்த வேலைதான் செய்கிறேன். இரண்டு புரோகிராம்கள் தகவல் மாற்றிக்கொண்டால், ஒன்று இன்றைக்கு மாறும், மற்றது ஆறுதலாக, பிறகுதான் மாறும் — இது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் டைப்பைக் கொஞ்சம் இளக்கமாக வையுங்கள், புரிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள், புரியாததை ஒரு மனிதனிடமாவது காட்டுங்கள் என்று தொண்டை வற்றக் கத்துகிறோம். இரண்டு துறையில் ஏதோ ஒன்றை எடுத்திருந்தாலும் ஒரு படகு போயிருக்குமே.

ரீட்டாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"அப்ப அவர் கூப்பிட்டிருக்கார்."

"ஓம்" என்றேன்.

நேற்று கம்பனி புரோகிராமைத் திருத்திவிட்டது. இனி இரண்டு துறையையும் ஏற்குமாம். ஓரமாக வைத்திருந்த தகவல்களையும் அது வரிசையாக அனுப்பி முடித்தது.

பின்னேரம் ரீட்டாவின் போன் சத்தமிட்டது: 'அன்டனின் படகு ஆபத்தில். உடனே உதவிக்குப் புறப்படவும்.'