சகனில் சுற்றிய சளி

ஐப்பசி மழை பிடித்தால் போதும், நாகூரில் என் மாமியார் வீட்டில் சளி குடியேறிவிடும். முதலில் பிள்ளைகளுக்கு, அடுத்து அடுப்படியில் நிற்கிற எங்களுக்கு, கடைசியாக ஆண்களுக்கு. தை பிறக்கும்வரை வீடு முழுக்கத் தும்மல்தான். அந்தக் கிருமிகளில் சில கொரோனாவுக்குச் சொந்தக்காரர்கள் என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வருஷா வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து தங்கிய விருந்தாளிகளாயிற்றே!

பரவாமல் எப்படி இருக்கும்? எங்களுக்குச் சகன் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒரே சோற்றில் கை வைப்போம்.

தெருவுக்குப் பாதிப்பேர் வளைகுடாவுக்குப் பறந்துகொண்டிருந்த தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். சவுதியிலிருந்து லீவில் வந்திருந்த என் வீட்டுக்காரருக்கு வேறு கம்பெனியில் விசா கிடைத்திருந்தது. மெட்ராஸில் மெடிக்கல் பாஸானால் அங்கிருந்தே விமானம். எக்ஸ்ரேயில் நெஞ்சுச்சளி தெரிந்தால் அன்ஃபிட் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவரை மாடிக்கு ஏற்றித் தனித்தட்டு கொடுத்துவிட்டேன்.

"புருஷனுக்குத் தனித்தட்டா? நல்லாருக்கும்மா கூத்து!" என்றார் மாமியார். நான் தட்டோடு மாடிப்படி ஏறினேன்.

என் வீட்டுக்காரருக்குக் கவலை வேறு. அவர் சவுதியில் இருக்கும்போது பிறந்த எங்கள் மகள் அவரைக் கண்டாலே என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். "நான் போறதுக்குள்ள ஒருதரம் வாப்பான்னு கூப்பிடுவாளா?" என்று தினமும் கேட்பார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த அவளை நானும் மாடிப்படி ஏற விடவில்லை.

புறப்படும் அன்று மதியம் விறுவிறுவென்று இறங்கி வந்து சகனில் உட்கார்ந்துவிட்டார், மகளுக்கு நேர் எதிரே.

"மச்சான், மெடிக்கல்!" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரு புள்ள."

மகள் அவரையே உற்றுப் பார்த்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். அதே கையால் கொஞ்சம் சோற்றை அள்ளி நீட்டினாள்.

"வாப்பா, ஆ!"

எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். மெல்ல முடியாமல் அழுதார். நானும் அழுதேன், திட்டிக்கொண்டேதான்.

மெடிக்கல் பாஸ். சவுதியில் இறங்கிய பிறகுதான் சளி பிடித்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டார், மூக்கடைத்த குரலில்.

"மாத்திரை போட்டீங்களா மச்சான்?"

"எதுக்கு? எம் மவ குடுத்தனுப்புனது. இருந்துட்டுப் போவட்டும்."