லேப்டாப்புக்குள் பதினான்கு அரிசி

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, வரவில்லை என்று ஊரே புலம்பிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒருவழியாக வந்து சேர்ந்த நாலாம் நாள், அந்தத் தண்ணீரிலேயே ஸ்கூட்டியோடு போய் விழுந்தவள் நான்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே, மதகை ஒட்டி ரோடு திரும்புகிற இடம். எதிரே வந்த டிராக்டருக்கு நான் ஒதுங்கினேன். வாய்க்கால் எனக்கு ஒதுங்கவில்லை. முழங்கால் சிராய்ப்பு, சேறு அப்பிய சுடிதார், அதையெல்லாம் விடுங்கள். தோளில் மாட்டியிருந்த பைக்குள் லேப்டாப் இருந்தது. அதற்குள் என் ஆறு வருஷ உழைப்பு இருந்தது.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். கடலை ஒட்டிய வயல்களில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஊர் ஊராகப் போய் மண்ணில் மீட்டரைக் குத்தி அளவு எடுப்பேன். அன்று எடுத்தது கடைசி ஊர், ஒன்பது வயல். மதகுக் கட்டையில் உட்கார்ந்தே அந்த ஒன்பது அளவுகளையும் லேப்டாப்பில் ஏற்றினேன். வேலை முடிந்த மிதப்பில், அணைக்காமல் மூடியை மட்டும் மூடிப் பைக்குள் போட்டுவிட்டேன். ஆய்வேட்டைக் கொடுக்க எனக்கு இருந்தது இருபத்தாறு நாள். ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. இந்தத் தேதியையும் விட்டால் பதிவே ரத்து என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள்.

"காப்பி எடுத்து வைக்கலையா?" என்று கேட்காத ஆளில்லை. எடுத்து வைத்திருந்தேன், ஐயா. மூன்று மாசத்துக்கு முந்தையது. அதற்கப்புறம்தான் முடிவுரை வரைக்கும் எழுதியிருந்தேன். அன்றைய அளவுகளைக் குறித்த நோட்டும் அதே பைக்குள்தான் இருந்தது. ஜெல் பேனா எழுத்து, பக்கம் பூரா நீலமாகக் கரைந்து போயிருந்தது.

வீட்டுக்கு நனைந்து வந்து நின்றவளை அம்மா மேலும் கீழும் பார்த்தாள். அம்மா ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நடவு நட்டவள். இப்போது சொந்தமாக ஒரு ஏக்கர் வைத்திருக்கிறாள். அந்த மிடுக்கு பேச்சில் இருக்கும்.

"ஆளு நல்லாத்தான இருக்க? அப்புறம் என்னடி மூஞ்சி? பொட்டிய அரிசிக்குள்ள பொதைச்சு வை. ஈரத்தை உறிஞ்சிப்புடும்."

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மண்ணில் எத்தனை ஈரம் இருக்கிறது என்று அடுப்பில் வைத்து அளந்து பார்க்கிற ஆள் நான். அரிசி என்ன உறிஞ்சும், என்ன உறிஞ்சாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், மில்லிலிருந்து புதிதாக வந்த பொன்னி அரிசி ட்ரம்மில், தவிடு பறக்க, லேப்டாப்பைக் கழுத்து வரை புதைத்தேன். பதறினால் படித்தவளும் படிக்காதவளும் ஒன்றுதான். அதன் பின்பக்கம் காற்றுப் போகிற கம்பித் தடுப்பு முன்பே உடைந்திருந்தது. அது அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து எடுத்து அமுக்கினேன். உயிரில்லை. மறுபடி அமுக்கினேன். ஒன்றுமில்லை.

பெரிய இடமாகப் பார்த்துக் கொடுப்போம் என்று தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். கண்ணாடிக் கதவு, ஏசி, கழுத்தில் அட்டை தொங்கும் ஆட்கள். உள்ளே போனதும் ஒரு தாளை நீட்டி, பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்கள். பாஸ்வேர்டு எதற்கு என்று கேட்டதற்கு, "ப்ரொசீஜர் மேம்" என்றார் அங்கிருந்தவர். எழுதிக் கொடுத்தேன். ஏசிக் காற்று பட்டால் நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது, என்ன செய்ய!

ஐந்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். "மதர்போர்டு டெட், மேம். டேட்டாவும் போச்சு. புதுசு ஒண்ணு பாத்துடலாமா? எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு."

"திறந்து பாத்தீங்களா?"

"ஃபுல்லா கழட்டிப் பாத்துட்டோம், மேம்."

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன், அதையும் மறைப்பானேன். திருவாரூர் தாண்டி ஒரு வேகத்தடை வந்தது. டிரைவர் அதை மதிக்கவே இல்லை. பஸ் தூக்கிப் போட்டபோது மடியில் கலகல என்று ஒரு சத்தம். அழுகை அப்படியே நின்றுவிட்டது. லேப்டாப்பைக் காதோரம் வைத்து ஆட்டினேன். கிலுகிலுப்பை மாதிரி மறுபடியும் கலகல. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அரிசி! உள்ளே அரிசி கிடக்கிறது. முழுசாகக் கழற்றிப் பார்த்தவர்கள் கண்ணில் அரிசி படாமலா இருக்கும்? அடப்பாவிகளா, ஒரு ஸ்க்ரூவைக்கூட இவர்கள் திருகவில்லை! வந்த கோபத்தில் எனக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்துவிட்டது. திறக்கவே இல்லை என்றால், டேட்டா போய்விட்டது என்பதும் அவர்கள் வாய்க்கு வந்த பேச்சுதானே!

அடுத்தது நாகப்பட்டினத்தில் ஒரு கடை. உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் சொல்லி அனுப்பியது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. தண்ணீரில் விழுந்தது என்று மட்டும் சொன்னேன், அரிசியைப் பற்றி மூச்சு விடவில்லை. கடைக்காரர் தேன் ஒழுகப் பேசினார். "நம்ம வீட்டு பொருள்னு நெனச்சுப் பண்றேன் மேடம், கவலைய விடுங்க." அப்புறம் இன்றைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று ஆறு நாளை விழுங்கினார். ஏழாம் நாள், "ஒவ்வொரு பார்ட்டா கழட்டிக் கிளீன் பண்ணிட்டேன் மேடம். ஹார்ட் டிஸ்க் அவுட். சென்னைக்கு அனுப்பணும், ஒரு மாசம் ஆகும்" என்றார்.

நான் லேப்டாப்பை வாங்கி, அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினேன்.

"இது என்ன சத்தம்ங்க?"

"ஸ்க்ரூ ஏதாவது லூஸா இருக்கும் மேடம்."

"எப்படிங்க, வெள்ளையா, ஒல்லியா, வேக வெச்சா சோறாகுற ஸ்க்ரூவா?"

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க எனக்கும் நேரமில்லை. பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நடந்ததைச் சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சும்மாவா சொன்னாங்க? எவ்வளவு தேடினாலும் இப்படி ஒரு பரீச்சை கெடைக்காதுடி!" அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். "நம்ம கூட்டுறவு சொசைட்டி கம்ப்யூட்டரை உரக்கடை மாடில ஒரு பொண்ணு பாக்குது. சொசைட்டிக்காரரு பெத்த புள்ளயவே நம்ப மாட்டாரு. அவரே அந்தப் பொண்ணுகிட்டதான் குடுக்குறாரு."

பதினைந்து நாள் தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் அலைந்திருக்கிறேன். கீழ்வேளூர் கடைத்தெருவில் இருந்திருக்கிறது ஆள். முன்பே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அம்மாவைக் கேட்டேன். "நீ எங்கடி என்னைக் கேட்ட? ஏசி கடைக்குல்ல போன" என்றாள்.

உரக்கடைப் படியேறினால் யூரியா வாடை மாடி வரைக்கும் கூட வரும். ஒரு மேசை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரோரம் உடம்பைத் திறந்துகொண்டு நாலைந்து கம்ப்யூட்டர்கள். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தலைமுடியைத் தூக்கி கிளிப் போட்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் இரண்டு கேள்வி கேட்டார். இந்தப் பதினைந்து நாளில் யாரும் கேட்காத கேள்விகள்.

"விழுந்தப்ப ஆன்ல இருந்துச்சாக்கா?"

"ஆமாங்க. மூடி மட்டும் மூடியிருந்தேன்."

"அதுக்கப்புறம் ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவ."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "உக்காருங்க, உங்க முன்னாடியே திறந்துடலாம்" என்று ஒரு இட்லித் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். கழற்றக் கழற்ற, ஒவ்வொரு இடத்து ஸ்க்ரூவும் ஒவ்வொரு குழிக்குப் போனது. ஒரு ஸ்க்ரூவின் தலைமேல் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் காட்டினார். "கம்பெனில ஒட்டுனது. கிழியவே இல்ல பாருங்க. இதுக்கு முன்னாடி இதை யாரும் திறக்கலக்கா."

பின்மூடியைத் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏங்க்கா, சோறு ஆக்கிப் பாத்தீங்களா?"

வெட்கமும் சிரிப்புமாக வந்தது எனக்கு. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தாளில் வைத்தார். பதினான்கு அரிசி. தவிடு ஈரத்தில் குழைந்து, காய்ந்து, ஃபேன் முழுக்க அடை மாதிரி ஒட்டியிருந்தது. "வாய்க்கால் தண்ணி பண்ணதவிட இது பண்ணதுதான் ஜாஸ்தி" என்றார்.

"எல்லாம் வந்துடுமாங்க?"

"வந்துடும்னு சொல்ல மாட்டேன்க்கா. பாத்துட்டுத்தான் சொல்லுவேன். ரெண்டு நாள் குடுங்க." பாஸ்வேர்டை எழுதிக் கொடுக்கட்டுமா என்றேன். "எனக்கு எதுக்கு? தேவைப்பட்டா கூப்பிடுறேன், நீங்களே வந்து அடிங்க" என்றார்.

மறுநாளே கூப்பிட்டார். நான் பாஸ்வேர்டு அடிக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் போனபோது லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. அத்தியாயங்கள், அட்டவணைகள், முடிவுரை, எல்லாம் இருந்தன. அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"இருங்க்கா. கடைசி ஷீட் மட்டும் வரல. விழுந்தப்ப அதுதான் திறந்திருந்துச்சு போல. ஒன்பது வரி காலியா வருது. மூணு விதமா முயற்சி பண்ணேன். என்னால முடியல." சொன்னதோடு விடவில்லை. பில்லில் செய்த வேலைகளை எழுதி, கடைசி வரியாக, 'ஒரு ஷீட்டில் ஒன்பது வரி மீட்க முடியவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தப் பதினான்கு அரிசியையும் தாளில் மடித்து பில்லோடு சேர்த்து பின் அடித்தார். உங்க பொருள் உங்ககிட்ட இருக்கட்டும் என்று சிரித்தார்.

இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பிரின்ட், பைண்டிங் என்று அதிலும் பாதி போய்விடும். அன்று மத்தியானம் வீட்டில் அந்தக் காலி வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பதே ஒன்பது எண். சுற்றியுள்ள ஊர்களின் அளவுகள் எனக்கு மனப்பாடம். இந்த ஊரும் அப்படித்தான் இருந்தது, நானே பார்த்தேனே! மறுபடி போகலாம் என்றால், நடுவில் இரண்டு மழை வேறு விழுந்துவிட்டது. உப்பு கீழே இறங்கியிருக்கும், ஆறு வருஷமாகச் சேர்த்த அழகான முடிவுரை கோணிக்கொள்ளும். யாருக்குத் தெரியப்போகிறது? விரல் தானாகவே அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வரி நிரம்பிவிட்டன.

"எல்லாம் வந்துருச்சாடி?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"வந்துடுச்சும்மா" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்த பொய்.

மேசைமேல் அந்த பில் கிடந்தது. 'மீட்க முடியவில்லை.' கீழே கையெழுத்து. பக்கத்தில் அரிசிப் பொட்டலம். எனக்குச் சுரீர் என்றது. திறக்காமலே திறந்தேன் என்று சொன்னவர்களைப் பத்து நாளாக எப்படியெல்லாம் ஏசினேன்! அளக்காமலே அளந்தேன் என்று எழுதிக்கொண்டிருந்த நான் மட்டும் யாராம்? ஊருக்குத்தான் உபதேசம். அவமானமாக இருந்தது. தனியாக உட்கார்ந்திருந்தும் முகம் சுட்டது. நான்கு வரிகளையும் அழித்தேன்.

"வரலம்மா, ஒன்பது போச்சு. போய் எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மீட்டரையும் ஸ்கூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "மதகுகிட்ட பாத்துப் போ, திரும்பவும் அரிசிய வீணாக்காத" என்றாள் அம்மா.

பயந்தபடியேதான் ஆயிற்று. ஒன்பது வயலிலும் உப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. முடிவுரையைத் திருத்தினேன். அடிக்குறிப்பும் போட்டேன்: இந்த ஒன்பது வயல்களில் முதலில் எடுத்த அளவுகள் தொலைந்துவிட்டன, இவை மழைக்குப் பின் எடுத்தவை. என் நெறியாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை எழுதித்தான் ஆகணுமாம்மா? வம்பை விலைக்கு வாங்குற" என்றார். எழுதித்தான் ஆகணும் சார் என்றேன். தேதிக்கு ஒரு நாள் முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

நெறியாளர் சொன்ன வம்பு, வாய்மொழித் தேர்வன்று வந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நேராக அந்த அடிக்குறிப்பைத்தான் புரட்டினார்.

"ஒன்பது அளவைத் தொலைச்சுட்டேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ மத்த அளவையெல்லாம் நான் எதை வெச்சும்மா நம்பறது?"

அறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ஒன்பதைத் தொலைச்சேன்னு நானே சொன்னேன்ல சார், அதை வெச்சு நம்புங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இதை எங்கே படித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கீழ்வேளூர் உரக்கடை மாடியில் என்று சொல்லியிருப்பேன்.