அப்பாவுக்குத் தெரிந்த பத்து ஃபின்னிஷ் சொற்கள்

என் அப்பாவுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை ஃபின்னிஷ் மொழியில் எண்ணத் தெரியும். விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிறவர்களில் அப்படி எண்ணத் தெரிந்தவர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் நர்ஸ். விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை, கோலியனூரில் வீடு. அப்பா, அம்மா, நான், வீட்டில் மூன்றே பேர். வெளிநாட்டுக்கு நர்ஸ் அனுப்புகிற ஓர் ஏஜென்சி திண்டிவனத்தில் வகுப்பு நடத்துகிறது, பின்லாந்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கூட வேலை பார்த்தவள் சொன்னாள். மொழி மட்டும் படித்தால் போதுமாம், மற்றதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். அந்த 'மட்டும்' என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை.

வகுப்பு நடந்தது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில். ஆசிரியை பின்லாந்திலிருந்து திரையில் வருவார். நெட் போனால் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவார். அவர் திரும்பவும் அசைவதற்குள் நாங்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவோம். பால் மைத்தோ, தண்ணீர் வெஸி, பனி லூமி. வியர்வை ஒழுக ஒழுக உட்கார்ந்து பனிக்கு எத்தனை சொல் உண்டென்று படித்தோம்.

சொற்களை நான் மனப்பாடம் செய்தது பேருந்தில்தான். விழுப்புரத்தில் ஏறினால் விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் சாப்பாட்டுச் சொற்களை முடித்துவிட வேண்டும். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் உடல் உறுப்புகள். அங்கே மயிலத்துக்குப் போகிற கூட்டம் இறங்கினால் உட்கார இடம் கிடைக்கும், அதன் பிறகு நோய்களும் மருந்துகளும். இன்றைக்கும் கூட்டேரிப்பட்டு பாலத்தைப் பார்த்தால் எனக்குத் தன்னால் முழங்கால் ஞாபகத்துக்கு வரும்.

வீட்டுக்கு வந்ததும் சத்தம் போட்டுப் படிப்பேன். அப்பா குளித்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆனால் எண்கள் அவருக்குப் பிடித்துப்போய்விட்டன. யுக்ஸி, கக்ஸி, கொல்மே, நெல்யா, வீஸி, கூஸி. நான் திக்கித் திணறிக்கொண்டிருந்தபோது அவர் பத்தையும் பாடமாக்கிவிட்டார். கமிட்டியில் லாரியில் மூட்டை அடுக்கும்போது அப்படித்தான் எண்ணுகிறார் என்று பக்கத்துத் தெரு அண்ணன் வந்து சொன்னார்.

"இன்னா பாப்பா, உங்க அப்பாரு கூஸி கூஸின்னு கத்திக்கினு கீறாரு. யாவாரி பயந்துபோய் மறுபடி எண்ணச் சொல்லிட்டான்" என்றார்.

அப்பா அதைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

ஒரு திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் திரை இருட்டாக இருந்தது. ஏஜென்சிக்காரர் வந்து, பின்லாந்து ஆர்டர் நின்றுவிட்டது, ஜெர்மனிக்குத்தான் இனிமேல், எல்லாரும் ஜெர்மன் படிக்க வேண்டும் என்றார், ஹோட்டலில் இட்லி தீர்ந்துவிட்டது, பொங்கல் இருக்கிறது என்பதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றரை வருடமாக இரவு டூட்டி பார்த்துவிட்டு, பகலில் தூங்காமல் படித்த சொற்கள். அவற்றை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பேருந்து ஏறியதும் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு விழுப்புரம் வரை அழுதேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா ஏஜென்சிக்காரரின் பரம்பரையையே இழுத்தாள். அப்பா மட்டும் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப நம்பரும் மாறுமா?"

"எல்லாமே மாறும்பா."

"நீ மாத்திக்கினு போ. என்னால ஆவாது. எனக்கு இதே போதும்."

ஜெர்மன் வேறு விதமான பேஜாரு. ஒரு சொல்லைச் சொல்லப் போனால் முதலில் ஃபின்னிஷ் சொல் வந்து வாயில் நிற்கும். டோல்கேட்டில் பாலைத் தேடினால் மைத்தோதான் வரும், மில்ஹ் வராது. பழைய சொற்களை மறக்க வேண்டும் என்று புது ஆசிரியை சொன்னார். மறப்பது எப்படி என்று மட்டும் அவர் சொல்லித்தரவில்லை.

அவர் நேரில் வருகிறவர், கண்டிப்பானவர். பி டூ என்கிற ஜெர்மன் தேர்வில் நர்சுகளுக்குப் பேச்சுத் தேர்வு உண்டு. எதிரில் இருப்பவர் நோயாளியாக நடிப்பார், நாம் விசாரிக்க வேண்டும். "வீட்ல யாரையாவது பேஷன்ட்டா படுக்க வச்சு தினமும் பிராக்டிஸ் பண்ணுங்க" என்று ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். என் அட்டையில் இருந்தது ஒரு மூதாட்டி. தனியாக வசிக்கிறவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். வலி பத்துக்கு ஆறு.

அம்மாவைக் கூப்பிட்டேன். "அடுப்புல சோறு கீது, எனக்கு நேரமில்ல" என்றாள். அப்பா எழுந்து துண்டை முக்காடு போட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி கட்டிலில் படுத்தார்.

"வாம்மா நர்சம்மா, கெயவி ரெடி" என்றார்.

ஹாபன் ஸீ ஷ்மெர்ட்ஸன் என்று கேட்டால், வலி இருக்கிறதா என்று கேட்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். "யா" என்பார். எங்கே என்று கேட்டால் இடுப்பைத் தொட்டுக்காட்டுவார். ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டால் "கூஸி" என்பார். ஜெர்மன் கேள்விக்கு ஃபின்னிஷ் பதில். இரண்டு நாட்டுக்காரர்களும் கேட்டிருந்தால் எங்களைப் பைத்தியம் என்றிருப்பார்கள். நடுவில் அந்த மூதாட்டியைப் பற்றி அப்பாவுக்குக் கவலை வந்துவிடும். "ஏம்மா, அந்தம்மாவுக்குப் புள்ளைங்க யாருமே இல்லியா? விழுந்தா தூக்கக்கூட ஆளில்லாம இன்னா வாய்க்க அது?" என்பார். அட்டையில் அதெல்லாம் இல்லை என்று நான் எரிந்துவிழுவேன்.

ஒரு சாயங்காலம் வழக்கம்போல் கேட்டேன். அப்பா இடுப்பைத் தொடவில்லை. கை முதுகுக்குப் போனது.

"செய்ட்ஸெமான்" என்றார்.

"கார்டுல ஆறுப்பா. கூஸி."

"கார்டுல இருக்கிற அம்மாவுக்கு ஆறு. எனக்கு ஏழு."

அவர் சிரிக்கவில்லை. முக்காட்டை எடுத்துவிட்டு எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை என்று சைகையாலேயே சொன்னார். அம்மா உள்ளே துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழக்கூடாது என்று கண்ணால் காட்டினார்.

மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலிப்பதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? அவரே எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே நான் வேலை பார்க்கிற இடத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். புற்றுநோய். வயிற்றில் தொடங்கி முதுகெலும்பு வரை வந்திருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். அத்தனை மொழி படித்ததற்கு, அன்றைக்கு எந்த மொழியும் தெரியாதவளாக இருந்திருக்கலாம் என்று இருந்தது.

அறுவை சிகிச்சைக்கெல்லாம் காலம் கடந்துவிட்டது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலியைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டும், நீங்கள்தான் நர்சாயிற்றே என்றார்கள். ஆனால் அப்பா யாரிடமும் வலி என்று சொல்கிறவர் இல்லை. டாக்டர் கேட்டால் "பரவால்லீங்க சார்" என்பார். அம்மா கேட்டால் "ஒன்னியும் இல்லமே, நீ போய் வேலையப் பாரு" என்பார். நான் தமிழில் கேட்டாலும் அதே பதில்தான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஜெர்மனில் கேட்டால் மட்டும் உண்மை வரும். காலையில் வீஸி, ஐந்து. சாயங்காலம் கஹ்தெக்ஸான், அதாவது எட்டு. அந்தச் சொல்லுக்கு ஏற்றபடி மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன்.

ஏன் அப்படி என்று நான் அவரைக் கேட்டதில்லை. அது விளையாட்டு என்று வைத்துக்கொண்டால் அவருக்குச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். அம்மாவுக்குத்தான் ஆத்திரம். "அப்பனும் பொண்ணும் என்னமோ பேசிக்கினு கீறீங்க. நான் ஒருத்தி இங்க எதுக்கு?" என்பாள். ஒருநாள் எங்களிடம் பேசாமலே இருந்தாள். அந்த எண்கள் எதற்கென்று அவளிடம் சொல்லிவிடலாமா என்று அப்பாவைக் கேட்டேன். "வாணாம். அவ தாங்க மாட்டா" என்றார்.

தேர்வு சென்னையில். தேதி வந்தபோது அப்பா எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அதை விட்டால் எங்கள் குழுவுக்கு மறுபடி இடம் கிடைப்பது சந்தேகம் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். நான் போகப்போவதில்லை என்றேன்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் என்னிடம் அவர் கோபப்பட்டது அதிகமில்லை. "நான் கெயவி வேசம் போட்டது சும்மாவா? நீ போவலன்னா நான் மாத்திரையத் தொட மாட்டேன்" என்றார். அப்படியே செய்யக்கூடியவர். சித்தி மகளைத் துணைக்கு வைத்துவிட்டு முந்தின நாளே சென்னைக்குப் போனேன். காலையில் போன் செய்வேன், நீ சொல்கிற எண்ணை வைத்து எத்தனை மாத்திரை என்று அம்மாவுக்குச் சொல்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

தேர்வு மையத்து வாசலில் நின்று போன் செய்தேன். சித்தி மகள் அவர் காதில் வைத்தாள். ஜெர்மனில் கேட்டேன்.

"யுக்ஸி" என்றார். தெளிவான குரல். "ஜல்தியா போ, நேரமாவுது."

ஒன்று. என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அந்த மொழியில் அவர் என்னிடம் பொய் சொன்னதே இல்லை. வழக்கமான மாத்திரை போதும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நோயாளியாக நடித்தார். நான் நன்றாகப் பேசினேன். ஒரு ஃபின்னிஷ் சொல்கூடக் குறுக்கே வரவில்லை. எவ்வளவு வலி என்று கேட்டபோது அவர் ஒன்பது என்றார். உடனே செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் தலையாட்டிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அப்பா கண்ணை மூடியிருந்தார். மத்தியானம் துடித்தபோது பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு நர்சை அழைத்து ஊசி போட்டிருக்கிறார்கள். ஜெர்மனில் கேட்டேன். தமிழில் கேட்டேன். பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். கமிட்டி ஆட்கள்தான் தூக்கிப் போனார்கள்.

தேர்ச்சி பெற்றுவிட்டேன் என்று தகவல் வந்தபோது எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஏஜென்சிக்காரர் வாழ்த்தினார். சரிங்க சார் என்று வைத்துவிட்டேன்.

விசா வந்த வாரம், அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அன்னிக்குப் போன்ல அவுரு இன்னாவோ சொன்னாரே, யுக்ஸின்னு. அப்டின்னா இன்னா?"

"ஒன்னும்மா."

"எது ஒன்னு?"

சொன்னேன். அத்தனை மாதமும் நாங்கள் பேசிக்கொண்டது என்ன என்பதையும் சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

"வெடிகாலைல இருந்து கத்திக்கினு இருந்தாரு" என்றாள். "தலகாணியக் கடிச்சிக்கினாரு. இன்னொரு மாத்திர குடுக்கட்டான்னு கேட்டேன். வாணாம், தூங்கிட்டன்னா பாப்பாகிட்ட பேச முடியாதுன்னாரு. நீ போன் பண்ற நேரத்துக்குத் தண்ணி வாங்கிக் குடிச்சாரு. தொண்டைய சரி பண்ணிக்கினு, அதுக்கப்பறம்தான் போனக் காதுல வைக்கச் சொன்னாரு."

எனக்கு அப்பாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்று தெரியும். ஆனாலும் வந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். அம்மா தடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த நம்பர எனக்கும் கத்துக் குடுத்துட்டுப் போ. நீ அங்கருந்து போன்ல கேட்டா நானும் சொல்றேன்."

"வாணாம்மா" என்றேன். "உனக்கு வலிச்சா வலிக்குதுன்னு தமிழ்லயே சொல்லு. எனக்கு அது போதும்."

அம்மா புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள்.

"சொன்னா நீ அங்க இருப்பியா?" என்று கேட்டாள்.

அவள் எழுந்து போய் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.