கந்தோர் வாசலில் ஒரு மரபுத்தொடர்

எட்டு மாதமாக எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ரீச்சர் இல்லை. இன்றைக்குப் பெற்றோர் சார்பில் மனுவோடு கல்வி அதிகாரிகளின் கந்தோருக்குப் போனேன். வழியில் பாலத்தைக் கடக்கும்போது அடித்த காற்றில் பஸ்ஸுக்குள்ளேயே மனு பறக்கப் பார்த்தது.

வாசலில் பெரிய வெள்ளைப் பலகை.

'இன்றைய ஆங்கில மரபுத்தொடர்: பீஸ் ஒஃப் கேக். கருத்து: மிகவும் இலகுவான வேலை.'

நல்ல கையெழுத்து.

உள்ளே இருந்த அதிகாரி மனுவை வாசிக்காமலே முத்திரை குத்தினார். "ரீச்சர்மார் இல்லைத் தங்கச்சி. நாங்கள் என்ன செய்யிறது?"

"சரி ஐயா. வாசல் பலகை வடிவா இருக்கு. ஆர் எழுதுறது?"

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு இங்கிலிஷ் ரீச்சர். ஒவ்வொரு நாளும் புதுசா ஒண்டு எழுதுவா. தற்காலிகமா இஞ்ச இணைச்சு வைச்சிருக்கிறம்."

"எந்தப் பள்ளிக்கூடத்து ரீச்சர்?"

அப்போதுதான் மனுவைத் திருப்பி, பள்ளிக்கூடத்தின் பெயரை வாசித்தார்.

"உங்கட பள்ளிக்கூடந்தான்."

மனுவைக் கோப்புக்குள் வைத்துவிட்டுப் பெருந்தன்மையோடு சொன்னார்: "ஃபோனில ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையளுக்குக் காட்டுங்கோவன்."

எடுத்து வந்தேன். இந்த வருடம் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் ஆங்கிலப் பாடம் கீழே படத்தில் இருக்கிறது.

பெற்றோரே, நாளைய பாடத்தை எடுத்துவர யார் பஸ் ஏறுகிறீர்கள்?