பக்கத்தில் இருப்பதுதான் இழுக்கும்

மேகலாவுக்கு முப்பத்தொரு வயது. தில்லியில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில், லென்ஸ் போலத் தட்டையான ஒரு விண்மீன் மண்டலத்தை ஆராய்கிறாள். சுருள் கரங்கள் இல்லாத மண்டலம். பெரும்பாலும் கிழட்டு விண்மீன்கள். ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு மண்டலங்கள் பிடித்திழுத்ததில் அதன் விளிம்பிலிருந்து மங்கலாக ஓர் ஒளிவால் நீண்டிருக்கிறது. நான்கு வருடமாக அந்த வாலை அளப்பதுதான் அவள் வேலை.

அப்பா குழந்தைசாமி விழுப்புரத்துப் பக்கமிருந்து வந்து, தில்லி வீடுகளுக்கு டைல்ஸ் பதித்தவர். அவள் பிறந்தது குடிசைப் பகுதியில். கல்லூரியில் பழகிய செந்தில்குமாரோ கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்புப் பையன். பேச்சு கல்யாணம் வரை வந்தபிறகு அவன் அம்மா உஷாராணி ஜாதகம் கேட்டாள்.

மேகலாவுக்கு ஜாதகமே கிடையாது. "பால்காரன் வந்துட்டுப் போனான், அப்புறம் பொறந்தா" என்பது மட்டும்தான் அவள் அம்மா வடிவுக்கு நினைவு. ஜோசியர் அதை ஐந்தே முக்கால் என்று எழுதிக்கொண்டு, அதிலிருந்து செவ்வாய் தோஷத்தையும் கண்டுபிடித்துவிட்டார். கட்டுகிறவன் உயிருக்கு ஆபத்தாம். பரிகாரம், முதலில் ஒரு வாழைமரத்துக்கு அவளைக் கட்டிவைத்து, மரத்தை வெட்டிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டு உஷாராணி விஷயத்தை எடுத்தாள்.

"அந்த நேரமே குத்துமதிப்பு அத்தை."

"நேரத்தை விடும்மா. எங்கேயோ கெடக்கிற நட்சத்திரக் கூட்டம் ஒண்ணை ஒண்ணு இழுக்குதுன்னு நீதானே சொல்றே. செவ்வாய் இழுக்காதா?"

"அதுங்க பக்கத்துல பக்கத்துல இருக்கு, அதான் இழுக்குது. தூரம் கூடக்கூட இழுப்பு கொறைஞ்சுடும். செவ்வாய்க்கு என்னைத் தெரியாது. இப்ப என்னை இழுக்கிறது நீங்கதான்."

"வாயைப் பாரு," என்று உஷாராணி சாம்பாரை ஊற்றினாள்.

செந்தில்குமார் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். "ஒரு மரம்தானே மேகலா. அம்மாவுக்காக ஜல்தியா முடிச்சிடலாம்."

"மரத்தைக் கட்டிக்கிறது கஷ்டமில்லை. புருஷனைக் கொல்றவள்னு எல்லார் முன்னாலயும் நான் ஒத்துக்கணும். நீ அதை நம்பறியா?"

"நான் நம்பலை."

"அப்ப உங்க அம்மாகிட்ட சொல்லு."

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான்.

மேகலா கை கழுவினாள். "வரேன் அத்தை, சாம்பார் நல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஐ.என்.ஏ. மெட்ரோ வரை காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள். யாரும் வரவில்லை.

பிளாட்பாரத்தில் நின்று வடிவுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"கல்யாணம் நின்னுபோச்சாடி?"

"நிக்கலைம்மா. நான் நிறுத்திட்டேன்."