பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

ஒரு படத்தை முழுதாகப் பார்க்காமலே அதற்குத் தீர்ப்புச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. கரைத்தீவில் களப்போரமாக இருந்த எங்கள் குடியேற்றத்தில், ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் இருக்கமாட்டாத பிள்ளை என்று பெயரெடுத்திருந்தேன். உம்மா என்னைக் கூப்பிடுவதே "எங்க போய்த் துலைஞ்சாய்?" என்றுதான்.

ஊரே இருப்புக்கொள்ளாமல் கிடந்த காலம் அது. சண்டை முடிந்துவிட்டது, நாங்கள் விட்டுவந்த மன்னாருக்குத் திரும்பிப் போகலாம் என்றார்கள். சிலர் பழைய காணியில் காடு வெட்டப் போனார்கள். சிலர் போய்ப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்தார்கள். போவதா இருப்பதா என்று எங்கள் வாப்பா காலையில் ஒன்று சொல்வார், பின்னேரம் வேறொன்று சொல்வார்.

உம்மாவின் கடைசித் தங்கையான சாச்சி எங்களோடுதான் இருந்தார். மூன்று வீடு தள்ளி, அண்ணன் முறையில் நான் நானா என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். டிவி திருத்துவார், மதுரங்குளியில் ஒரு கடையில் சீடி வாடகைக்கும் கொடுப்பார். அதிகம் கதைக்காத ஆள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, சாச்சியிடம் கொடுக்கச் சொல்லி ஒரு பழைய காதல் படம் தந்தார். அதில், நாடகக் கம்பனியில் ஒரு பாடகன். அவனுக்கு ஆர்மோனியம் வாசிக்கிற கூட்டாளி ஒருவன். இருவருக்கும் பிடித்த பெண் ஒருத்தி. கடைசியில் அவள் பாடகனோடு ரயிலேறிவிடுவாள். மற்றவன் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையில்தான் வாப்பா படம் பார்க்க விடுவார். எனக்கு அதுவே பெரிய நேரம். பாட்டு வந்தால் உள்ளே ஓடிவந்து ஆடுவேன். முடிந்ததும் வெளியே ஓடிவிடுவேன். எல்லாப் பாட்டிலும் நடுவில் நின்றவன் பாடகன். பிறகு யார் ஹீரோ என்று ஒரு கேள்வியும் உண்டா?

நானாவுக்கு இருந்தது. சீடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "படத்தில ஆராம் ஹீரோ, சாச்சி என்ன சொல்றா?" என்று கேட்டார். பாட்டுக்காரன்தான் என்று நானே சொன்னேன். "உன்னட்டயா கேட்டன்? சாச்சிக்கிட்டக் கேட்டுட்டு வா" என்று சீடியை மறுபடி என் கையிலேயே தந்துவிட்டார்.

சாச்சி சிரித்தார். இன்னொரு தரம் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லச் சொன்னார். இப்படியே அந்தச் சீடி ஐந்தாறு தரம் போய் வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆடு எது மாடு எது என்று தெரிவதற்கு ஆறு தரம் பார்க்கவேண்டுமா? சாச்சியோடு சண்டை பிடித்தேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு மறுபடியும் படத்தைப் போட்டார்.

அதற்குள் இரண்டு காரியம் நடந்தது. கனமூலையில் இருந்து சாச்சிக்குச் சம்பந்தம் வந்தது. கடையும் லொறியும் உள்ள வீடு. சனிக்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னார்கள். நானாவின் உம்மாவோ மன்னாருக்கே போய்ச் சேருவதென்று முடிவெடுத்து, திங்கட்கிழமைக்கு லொறி பேசிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு சாச்சி என்னைக் குசினிக்குள் இழுத்தார். "ஆர்மோனியக்காரன்தான் ஹீரோ எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்லாத. ஓடு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு பாட்டுக்கூடப் பாடாதவன் ஹீரோவா? யா அல்லாஹ்! இதைப் போய்ச் சொன்னால் நானா சாச்சியைப் பற்றி என்ன நினைப்பார்? வழி நெடுக யோசித்து, சாச்சியின் மானத்தைக் காப்பாற்றுவதென்று முடிவெடுத்தேன்.

நானா டிவிச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "பாட்டுக்காரன்தானாம்" என்றேன்.

அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "சாச்சியா சொன்னா?"

"ஓம்."

"உண்மையாவா புள்ள?"

"வல்லாஹி" என்றேன். பெரியவர்கள் சத்தியம் பண்ணும்போது அப்படித்தான் சொல்வார்கள்.

"சரி" என்றார் நானா. சீடியை நீட்டினேன். "நீயே வெச்சிக்கொள்ளு" என்று சொல்லிவிட்டுப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாச்சி வாசல் படலையடியில் காத்து நின்றார். என்ன சொன்னார் என்று கேட்டார். சரி என்று சொன்னார், சீடியையும் எனக்கே தந்துவிட்டார் என்றேன். இரண்டும் உண்மை. சாச்சியின் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அடுத்த நாள் கனமூலைக்காரர் வந்தபோது தலையிடி என்று படுத்துவிட்டார். வந்தவர்கள் வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டுப் போனார்கள். ஞாயிறு முழுக்கச் சாச்சி படலையடிக்கும் குசினிக்கும் நடந்தார். ஒருவரும் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் நானா வீட்டு லொறி எங்கள் வாசலால் போனது. முன்சீட்டில் இருந்த நானா தலை திருப்பவில்லை.

"நான் சொன்னதத்தானே போய்ச் சொன்ன?" என்று கேட்டார் சாச்சி.

"ஓம்" என்றேன், லொறியைப் பார்த்துக்கொண்டே. இரண்டு மாதத்தில் சாச்சி கனமூலைக்கு வாழ்க்கைப்பட்டார்.

போன மாதம் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு வயிற்றில் எட்டு மாதம். நினைத்த மாதிரி எழும்பி ஓட முடியாது. சாச்சியின் மகள் போனில் அந்தப் படத்தைக் கண்டுபிடித்துப் போட்டாள். வாழ்க்கையில் முதல் தரமாக அதை இருந்த இடத்திலேயே இருந்து பார்த்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் ஆர்மோனியக்காரன்தான். அவளுக்குக் காய்ச்சல் என்றதும் மழையில் மருந்துக்கு ஓடியவன் அவன். கைக்கடிகாரத்தை விற்று அவளுக்கு ரயில் டிக்கட் எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். தன் மனதில் இருப்பதை மட்டும் கடைசிவரை அவளிடம் சொல்லவேயில்லை.

"ராத்தா, இதில ஆரு ஹீரோ?" என்று சாச்சியின் மகள் கேட்டாள்.

சாச்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "பாட்டுக்காரன்தான் மகள்" என்றார். "உங்கட ராத்தா அப்பவே அப்பிடித்தானே போய்ச் சொன்னா."

குரலில் கோபம் இல்லை. எப்போதிருந்து தெரியும் என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை. ஆனால் லொறி போன அன்று சாச்சி என்னை மடியில் இருத்தி நெடுநேரம் என் தலையைச் சீவிவிட்டது ஞாபகம் வந்தது. எப்போதடா விடுவார், எழும்பி ஓடலாம் என்று நான் நெளிந்துகொண்டே இருந்தேன்.