வெறும் வயிற்றில் அறுபத்து நான்கு

என் கோபத்தைப் பற்றி எங்கள் ரூட்டில் பஸ் ஏறுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பெரம்பலூர் – அரியலூர் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாக நான் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரை வீட்டுக்கும் கொண்டுபோனேன்.

என் மனைவிக்கு இன்சுலின் ஊசி. மகள் பிறந்த மறு வருஷம் ஆள் பாதியாக இளைத்துப்போனாள். டாக்டர் பார்த்துவிட்டு, கணையம் வேலையை நிறுத்திவிட்டது, இனி ஆயுசுக்கும் ஊசிதான் என்றார். காலையும் இரவும் அவளே வயிற்றில் போட்டுக்கொள்வாள். என் அம்மாவுக்கும் சுகர்தான். ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வரதராஜன்பேட்டையில் தம்பி வீட்டில் நிம்மதியாக இருக்கிறாள். நூற்று முப்பதைத் தாண்டியதில்லை. இரண்டும் ஒரே வியாதி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காலை ஐந்து மணிக்கு, நான் முதல் டிரிப்புக்குக் கிளம்பும் முன், அவள் விரலில் குத்தி மீட்டரில் பார்ப்பாள். என்னிடம் காட்டியாக வேண்டும். இரவு படுக்கும்போது நூற்று நாற்பது இருந்தது காலையில் இருநூற்று ஐம்பது, இருநூற்று எழுபது என்று நிற்கும். நடுவில் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பாள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று?

"ராத்திரி என்ன தின்ன?"

"ஒண்ணுமில்லீங்க. தண்ணிதான் குடிச்சேன்."

"தண்ணி குடிச்சா நூறு ஏறுமா?"

தினமும் இதே பேச்சு. சில நாள் அவள் அழுவாள். அழுகிறவர்களை பஸ்ஸிலும் நிறையப் பார்த்திருக்கிறேன் என்று விட்டுவிடுவேன்.

போன வருஷம் அம்மா ஒரு பை முந்திரிப்பருப்போடு வந்து நாலு நாள் தங்கினாள். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரியில அடுப்படியில உருட்டுற சத்தம் கேக்குதுப்பா. வாயக் கட்டத் தெரியாதவளுக்கு எத்தன ஊசி போட்டு என்னா?" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றே சர்க்கரை டப்பா, வெல்லம், பிஸ்கட், முந்திரி, வாழைப்பழம் எல்லாவற்றையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி என் காக்கிச் சட்டைப் பையில்.

"சுகர் எறங்கிட்டா எனக்குச் சீனி வேணுங்க" என்றாள்.

"எறங்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றேன். எங்கள் பக்கத்தில் சுகர் இறங்கிவிட்டது என்றால் நல்ல செய்தி. டீக்கடையில் அதைச் சொல்லிக்கொண்டு ஒரு வடையே வாங்கித் தின்பார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவள் மீட்டரை நீட்டினாள். அறுபத்து நான்கு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா, பூட்டுனதும் எப்புடி எறங்கிடுச்சு" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றியிருந்தாள், அந்த வெக்கை என்று எடுத்துக்கொண்டேன். போயிட்டு வரேன் என்று கிளம்பிவிட்டேன்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடிக்கும்போதுதான் போனைப் பார்த்தேன். பக்கத்து வீட்டம்மா ஏழெட்டுத் தடவை கூப்பிட்டிருந்தது. திருப்பிக் கூப்பிட்டேன். சிறுவாச்சூர் கோயிலுக்குத் துணைக்கு அழைக்க வந்த இடத்தில், திறந்து கிடந்த கதவு வழியாகப் பார்த்திருக்கிறது.

"அண்ணே, அக்கா பீரோ கிட்ட விழுந்து கெடந்துச்சு. பேச்சு மூச்சு இல்ல. ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். வாங்க சீக்கிரம்."

சாவி என் பையில் இருந்தது. சுகர் இறங்கினால் சீனி வேண்டும் என்று அவள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்த பஸ்ஸில் நான் யாருக்கும் டிக்கெட் கொடுக்கவில்லை, இன்னொரு கண்டக்டர் கொடுத்தார். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் செத்திருந்தால் நான்தான் கொன்றேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சாகவில்லை. குளுகோஸ் ஏற்றிக் கண் விழித்திருந்தாள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார்.

"அவங்க ஒண்ணும் திங்கலைங்க. விடியற நேரத்துல ஒடம்பு தானாவே சர்க்கரைய ரத்தத்துல விடும். அதுக்கு ஊசியத்தான் சரி பண்ணணும், ஆளத் திட்டி ஒண்ணும் ஆவாது. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிக்கிறாங்கன்னா அது சுகர் ஏறுனதோட தாகம்."

அம்மா கேட்ட சத்தம் தண்ணீர்க் குடத்தின் சத்தம்.

இரவு ஊசி பதினாலு யூனிட்தான் போட வேண்டும். அவள் ஒரு வாரமாக இருபத்திரண்டு போட்டிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை; அவளே சொன்னாள்.

"காலையில நீங்க திட்டாம போவணும்னு."

"அறுபத்தி நாலு வந்தப்பவே சாவியக் கேட்டிருக்கலாம்ல?"

"ரொம்ப நாளைக்கு அப்பறம் அன்னைக்குத்தான் சிரிச்சீங்க. கேக்க மனசு வரலைங்க."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பீரோவின் சாவித் துவாரத்தைச் சுற்றிப் பெயிண்ட் உரிந்திருந்தது. தோசைத் திருப்பி வளைந்து தரையில் கிடந்தது. அடுப்பில் தண்ணீர் வற்றி, இட்லிகள் அடியில் கருகியிருந்தன. சுகர் அவ்வளவு இறங்கினால் புத்தி ஒன்றையே பிடித்துக்கொள்ளுமாம். கைக்கெட்டும் தூரத்தில் இட்லி இருந்தும் அவளுக்குச் சர்க்கரை டப்பா மட்டும்தான் நினைவில் இருந்திருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு நான் அவளைத் திட்டியதில்லை. மீட்டரைக் காட்டச் சொன்னதும் இல்லை. கிளம்பும்போது வாயால் கேட்பேன், "நூத்தி இருவதுங்க" என்பாள். நூற்றுப் பத்து, நூற்று இருபத்தைந்து. ஆறு மாதம் அப்படியே ஓடியது. போன வாரம் எனக்கு லீவு. அவள் குளிக்கப் போயிருந்தபோது மீட்டரின் பட்டனை அழுத்திப் பார்த்தேன். பழைய எண்கள் அதில் சேர்ந்திருந்தன. இருநூற்று அறுபத்தெட்டு, முந்நூற்று ஒன்று, நடுவில் ஒரு நாள் ஐம்பத்து நான்கு. நூற்று இருபது ஒன்றுகூட இல்லை. ஐம்பத்து நான்கு காட்டிய அந்த நாளிலும் அவள் நல்லபடியாக இருக்கிறாள் என்று நம்பி நான் அரியலூருக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் மீட்டரை என் கையில் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இப்பத்தான் நான் திட்டுறதே இல்லையே. உள்ளதச் சொல்லக்கூடாதா?"

"திட்டுறதில்லைதான்" என்றாள். "மூஞ்சி மாறுதுங்களே."

மறுநாள் காலை எதிரே உட்கார்ந்து, காட்டு என்றேன். விரலில் குத்தி, ரத்தத்தை வைத்து, மீட்டரை என் பக்கம் திருப்பினாள். இருநூற்று எண்பத்தாறு. அவள் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.